யாரைக் கேட்டு மாட்டினீங்க?

அக்கா முதன்முதலாக என் கடைக்கு வந்த அன்று நான் உள்ளே கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பார்த்தால், பிள்ளையார், லட்சுமி, எடுத்துப் போக ஆளே வராத ஒரு கல்யாணப் படம் மூன்றும் தரையில் சாய்ந்து நின்றன. அவை தொங்கிய ஆணிகளில் வேறு மூன்று படங்கள். சட்டம் போடாத வெறுந்தாள்கள், துணி காயப்போடும் கிளிப்பில் தொங்கின. அவற்றுக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, "தம்பி, இது கொஞ்சம் சரிஞ்சிருக்குல்ல?" என்றார். நீங்கள் யார், என் கடைச் சுவரில் உங்களுக்கு என்ன வேலை என்று நான் கேட்டிருக்க வேண்டும். "ஆமா, வலது பக்கம் தூக்கணும்" என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு வருடக்கணக்காக எனக்கு அதே வேலைதான்.

நான் கண்டி நகரத்தில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன். பயந்த சுபாவம். பக்கத்து வீட்டு மாவிலை என் முற்றத்தில் விழுந்தால்கூட, எடுத்துக் குப்பையில் போடுவதற்கு முன் மதிலுக்கு மேலாக ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன். என்னைப் பிடித்து அக்காவோடு கோத்துவிட்ட விதிக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

அக்கா யாரிடமும் எதற்கும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் இருபத்திரண்டு வருடம் ஓர் அலுவலகத்தில் அனுமதி விண்ணப்பங்கள் வாங்கிப் போடும் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். அத்தனை விண்ணப்பங்களும் எங்கே போகும், எந்த அலுமாரியில் தூங்கும், எந்த மழையில் நனையும் என்று அவருக்குத் தெரியும். முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர் அதன்பிறகு ஒரு விண்ணப்பமும் எழுதவில்லை. கேட்டால் ஒரு தத்துவம் வைத்திருந்தார்.

"கேக்கிறது பாவம் தம்பி. கேட்டா அந்த மனுசன் யோசிக்கணும். யோசிச்சா பயம் வரும். பயம் வந்தா மேல ஒருத்தர்கிட்ட கேப்பான். மேல இருக்கிறவன் லீவுல இருப்பான். அவன் பாட்டுக்கு நிம்மதியா இருக்கிறவன எதுக்கு அப்படிப் படுத்தணும்?"

அவர் செய்ததெல்லாம் ஒரே வேலைதான். யாழ்ப்பாணத்தில் ஒருவர், மட்டக்களப்பில் இரண்டு பேர், ஹட்டன் பக்கம் ஒரு பெண் என்று அங்கங்கே தம் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தவர்களின் படங்களை இரவல் வாங்கி வந்து, படக்கண்காட்சி என்றால் என்னவென்றே கேள்விப்படாத இடங்களில் மாட்டுவார். பார்க்க வந்தவர்கள் கையில் தூரிகையையும் சாயக் கிண்ணத்தையும் கொடுத்து, "பாத்தது போதும், இப்ப நீங்க" என்பார். நான் சட்டம் போடுவேன், ஏணி பிடிப்பேன், வேன் ஓட்டுவேன், யாராவது வந்து திட்டினால் தலையைக் குனிந்துகொள்வேன்.

பல்லேகலையில் கிரிக்கெட் நடந்த ஒரு நாள். மைதானத்துக்குள் போகும் வரிசை வெயிலில் ஊர்ந்துகொண்டிருந்தது. "பாருங்க தம்பி, இவ்வளவு பேர் சும்மா நிக்கிறாங்க. கண்ணுக்கு ஒரு வேலையும் இல்ல" என்றார் அக்கா. சொல்லி முடிப்பதற்குள் வேனிலிருந்து கயிற்றை இறக்கிவிட்டார். ஒரு முனையை மரத்தில் கட்டினோம். மறுமுனைக்கு மரம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஒரு போலீஸ்காரர் வந்தார். யார் அனுமதி கொடுத்தது என்று சிங்களத்தில் அதட்டினார். அக்காவும் சிங்களத்திலேயே, "மாத்தயா, இத ஒரு நிமிசம் பிடிங்க" என்று கயிற்றின் நுனியை நீட்டினார். நீட்டினால் கை வாங்கிக்கொள்ளும் அல்லவா, அவருடைய கையும் வாங்கிக்கொண்டது. ஒரு நிமிடம் அரை மணித்தியாலம் ஆனது. வரிசையில் வந்தவர்கள் கயிற்றில் தொங்கிய மீன் படத்தையும் கடல் படத்தையும் பார்த்தபடி நகர்ந்தார்கள். சிலர் அவரிடமே படம் விலைக்கா என்று விசாரித்தார்கள். அவர் தொட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மேலதிகாரியின் ஜீப் கடந்தபோது கயிற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையால் சல்யூட் அடித்தார். படம் ஒன்றுகூட அசையவில்லை.

கலஹாவில் இன்னும் மோசம். அங்கே ஒரு முஸ்லிம் நானாவின் சில்லறைக் கடை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனவர், மச்சானைக் கடையில் உட்கார வைத்துவிட்டுப் போயிருந்தார். பிஸ்கட் வாங்க உள்ளே நுழைந்த அக்கா, அவர் திரும்பி வருவதற்குள் முழுக் கண்காட்சியையும் மாட்டி முடித்திருந்தார். நானா வாசலில் நின்று, வாழைக்குலைக்கும் குடைகளுக்கும் நடுவே தொங்கிய யாழ்ப்பாணத்துக் கடலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எண்ட கடைதானே இது?"

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். "அந்தக் குடைய அங்கால தள்ளிப் போடுங்க. கடல மறைக்குது" என்றார். அன்று பேராதனை பஸ்ஸுக்கு நின்றவர்கள் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே நின்றார்கள்.

அந்தக் கடலை வரைந்த யாழ்ப்பாணத்துத் தம்பி அப்போதே போன் எடுத்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, என்ர படம் எங்க தொங்குது?"

"வாழைக்குலைக்குப் பக்கத்துல தம்பி."

"என்ன வாழை?"

"கதலி."

"ஓம், அப்பச் சரி" என்றார் அவர். எந்த வாழையாக இருந்தால் சரியில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அக்காவோடு இருப்பது சில நாட்களில் கொடுமை. என் புது அலுமினிய ஏணியை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான ஒரு லயம் முழுவதும் கூரைப் பீலி துப்புரவாக்கட்டும் என்று கொடுத்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்து அது வளைந்து வந்து சேர்ந்தது. நான் ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

வேன் எங்களுடையதல்ல. ஒரு நிறுவனம் ஒரு வருடத்துக்குத் தந்திருந்தது. வருடம் முடியும் தறுவாயில் அங்கிருந்து ஓர் ஐயா கடைக்கு வந்தார். நல்ல மனிதர், இஸ்திரி குலையாத சட்டை. "வேலையெல்லாம் சரிதான். ஆனா ஆள் வர்றாங்களா?" என்று கேட்டார். அதற்கு முந்திய மூன்று கண்காட்சிகளும் மழையில் போயிருந்தன. கடைசியாக நடந்ததற்கு வந்தது குடை இல்லாத ஒருவரும் ஒரு நாயும்தான். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டத்தில் சனிக்கிழமை நடக்கப்போகும் கண்காட்சிக்குத் தானே நேரில் வருவதாகவும், படம் பார்க்க ஆட்கள் வந்திருந்தால் வேன் இன்னொரு வருடம் எங்களிடமே இருக்கும், இல்லாவிட்டால் வேறு வேலைக்குப் போய்விடும் என்றும் சொன்னார்.

வேன் போனால் அக்காவின் வேலை அத்தோடு சரி. இருபத்திமூன்று படங்களைச் சட்டமும் கண்ணாடியுமாகத் தலையில் வைத்துக்கொண்டா மலை ஏறுவது? நான் கெஞ்சினேன்.

"அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் தோட்டத்துத் தலைவர்கிட்டயும் கோயில் கமிட்டிகிட்டயும் சொல்லி வைப்போம். ஆளுங்கள கூட்டிட்டு வருவாங்க."

"கூட்டிட்டு வந்தா அது கூட்டம் தம்பி. தானா வந்தாத்தான் ஆள்."

அந்தச் சனிக்கிழமைக்கு அக்கா ஒரு புதுத் திட்டம் வைத்திருந்தார். மண்டபத்துக்குள் வரக் கூச்சப்படுகிறவர்கள் எங்கேயும் உண்டு. அவர்கள் தங்கள் வாசலில் நின்றபடியே வர்ணம் பூசட்டும் என்று, முக்கோணமாக வெட்டிய வெள்ளைத் துணிகளைக் கயிற்றில் தைத்து மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்திருந்தார். சந்தியிலிருந்து தோட்டத்துப் பிள்ளை மடுவம் வரை வழி நெடுகக் கட்டுவது. பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் அந்த மடுவம்தான் அன்றைக்குக் கண்காட்சி மண்டபம். அதன் சாவியை வைத்திருந்த பெண், யாரோ மேலிடத்தில் சொல்லித்தான் வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு திறந்துவிட்டார். அக்கா போன இடமெல்லாம் கதவுகள் இப்படித்தான் திறந்தன.

லயத்து ஆட்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு நான் ஏணியோடு புறப்பட்டு, ஒவ்வொரு கம்பத்திலும் கயிற்றைக் கட்டிக்கொண்டே வந்தேன். கடைசியில் மடுவத்து வாசலுக்குக் கயிறு எட்டவில்லை. பக்கத்து லயத்தின் கடைசி வீட்டுக் கூரையில் முடிந்தேன். கதவு சாத்தியிருந்தது. கேட்கவில்லை. என் வாழ்க்கையில் நான் ஒருவரைக் கேட்காமல் செய்த முதல் காரியம் அது.

வழி நெடுக வெள்ளைக் கொடி கட்டினால் இந்த நாட்டில் என்ன அர்த்தம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாதா? தெரியும். அந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ சாவு வீடுகளுக்கு வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறோம். ஆனால் ஒரு வாரமாகத் துணி வெட்டித் தைத்துக்கொண்டிருந்த எங்கள் கண்ணுக்கு அது கொடியாகவே தெரியவில்லை. இன்னும் பூசாத படமாகத்தான் தெரிந்தது. தோட்டத்தில் ஒரேயொருவரிடம் வாய் திறந்து கேட்டிருந்தால் போதும், சொல்லியிருப்பார்கள்.

மத்தியானம் தாண்டி நாங்கள் உள்ளே கடைசிப் படத்தை மாட்டிக்கொண்டிருந்தோம். வெளியே ஆட்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், மேல்மலையிலிருந்து பெண்கள் தேயிலைக்கு நடுவே இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் கங்காணி. கீழே சந்திப் பக்கமிருந்து வெள்ளைச் சட்டை போட்ட தலைவர். அவரோடு ஐந்தாறு பேர் சனம் உட்காரக் கோயில் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு பேர் தோளில் தப்பு மேளம் தொங்கியது.

"பாருங்க தம்பி, தானா வர்றாங்க" என்றார் அக்கா. அவர் முகத்தில் அப்படியொரு பிரகாசத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லாருக்கும் முன்னால் ஒரு பெண் முதுகில் கூடையோடு, கொழுந்து வழியெல்லாம் சிந்த, "அப்பா, அப்பா" என்று கதறிக்கொண்டு ஓடி வந்தார். மடுவத்தைத் திரும்பியும் பார்க்காமல் நான் கயிறு முடிந்த வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அந்த வீட்டில் அவருடைய அப்பா மூன்று வாரமாக நெஞ்சுச் சளியோடு படுத்திருந்தார் என்பதும், வெள்ளைக் கொடி அவர் கூரையில் போய் நின்றதை மலையில் இருந்தே எல்லாரும் பார்த்தார்கள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும்.

கதறல் சட்டென்று நின்றது. உள்ளேயிருந்து கரகரத்த ஒரு குரல் கேட்டது.

"ஏன் புள்ள, மழையா?"

கொஞ்ச நேரத்தில் கம்பளித் தொப்பியும் சுவெட்டருமாக, கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு பெரியவர் வாசலுக்கு வந்தார். முற்றம் நிறையச் சனம். கதிரைகள். தப்பு. அவர் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"யாருப்பா தவறினது?"

இரங்கல் சொல்லக் கையைக் கூப்பியபடி நின்ற தலைவருக்கு அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. "நீங்கதாங்க" என்றார்.

பெரியவர் அண்ணாந்து தன் கூரையைப் பார்த்தார். "இத யாரு கட்டினது?"

வேன் எந்தப் பக்கம் நிற்கிறது, சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று யோசித்தேன். அக்காதான் முன்னால் போனார். "நாங்கதான் ஐயா. சாவுக்கு இல்ல. வர்ணம் பூசுறதுக்கு."

மகள் வாசற்படியில் சரிந்து உட்கார்ந்து மறுபடியும் தேம்பினார். அந்தத் தேம்பல் எந்த இடத்தில் சிரிப்பாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தோள்தான் முதலில் குலுங்கியது. பிறகு பக்கத்தில் நின்ற பெண், அப்புறம் கங்காணி. முற்றம் முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒருவர் கதிரையைத் தலையில் வைத்தபடியே சிரித்தார். சாவு வீட்டுக்கென்று சீனிப் பார்சலோடு வந்த ஒருத்தி, "தாத்தா, கொண்டாந்தத திருப்பிக் கொண்டு போக மாட்டேன், நீங்களே தின்னுங்க" என்று அதை அவர் கையில் திணித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். வெட்கமும் நிம்மதியும் ஒன்றாக வந்தால் மனிதன் வேறு என்ன செய்வான்?

அக்கா அந்த மகளுக்கு முன்னால் போய் முழங்காலில் உட்கார்ந்தார். "மன்னிச்சுக்கம்மா" என்றார். அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்று ஒரு நாள்தான் கேட்டேன். பிறகு சிவப்புச் சாயக் கிண்ணத்தை அவர் கையில் கொடுத்தார். மகள் என் ஏணியில் ஏறி, தன் வீட்டுக் கூரையில் இருந்த கொடியைத் திட்டுத்திட்டாகச் சிவப்பாக்கினார். அதன் பிறகு எங்களுக்கு வேலையே இல்லை. தப்புக்காரர்கள் கல்யாண அடி அடித்தார்கள். சந்தி வரைக்கும் கொடிகள் மஞ்சளும் நீலமும் பச்சையுமாயின. கங்காணியின் கொடியில் ஒரு சேவல் ஏறியது. அது ஆமை மாதிரி இருக்கிறது என்று பெண்கள் சொன்னதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பெரியவர் தன் சாவுக்கு வந்த கதிரைகளில் ஒன்றை மடுவத்துக்குள் இழுத்துக்கொண்டு போய், யாழ்ப்பாணத்துக் கடலுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். இவ்வளவு தண்ணியை அவர் நேரில் பார்த்ததில்லையாம். "செத்திருந்தா இதப் பாத்திருக்க மாட்டேனே" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

நிறுவனத்து ஐயா வந்து சேர்ந்தது அப்போதுதான். வண்டியை விட்டு இறங்கியவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். முகமெல்லாம் சிரிப்பாக அக்காவிடம் வந்தார்.

"இவ்வளவு சனம் வரும்னு நான் நினைக்கவே இல்ல. எல்லாரும் கண்காட்சிக்கு வந்தவங்கதானே?"

மலையகத்தில் உள்ள அத்தனை தெய்வங்களையும் நான் அந்த நேரத்தில் கும்பிட்டேன். ஒரே ஒரு 'ஆமா'. அதைச் சொன்னால் வேன் எங்களுக்கு.

"இல்லீங்க ஐயா. சாவுக்கு வந்தவங்க" என்றார் அக்கா.

"யாரோட சாவு?"

"எனக்குத்தாங்க" என்றார் கதிரையில் இருந்த பெரியவர்.

ஐயா அவரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த படிவத்தைப் பார்த்தார். "அப்ப நான் இதுல என்னத்த எழுத?"

"நடந்தத எழுதுங்க" என்றார் அக்கா.

அவர் எழுதினார். மாத முடிவில் வேன் போனது.

அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது தலாத்துஓயாவில் நான் அடக்க முடியாமல், "ஒரு ஆமா சொன்னா குறைஞ்சா போயிருவீங்க?" என்று கேட்டேன்.

"அவர் கேட்டாரே தம்பி. நான் யாரையும் கேக்கிறதில்லதான். அதுக்காகக் கேட்டவங்ககிட்ட பொய் சொல்லலாமா?"

வேன் போன பிறகு படங்களெல்லாம் அம்பிட்டியவில் அக்கா வீட்டுச் சுவர் ஓரமாகச் சாய்ந்து நின்றன. கீறல் விழுந்த ஒரு கண்ணாடியை மாற்றப் போயிருந்தேன். அக்கா கதிரையில் உட்கார்ந்து, படங்களை அவரவர் ஊருக்குத் திருப்பி அனுப்ப முகவரி எழுதிக்கொண்டிருந்தார். அவர் ஓரிடத்தில் இவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் பார்த்ததேயில்லை. எனக்கு அழுகை வந்தது. வளைந்த ஏணியைக்கூட மன்னித்துவிட்டேன்.

கேட் திறந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பெரியவர் கம்பளித் தொப்பியோடு உள்ளே வந்தார். பின்னால் மகள், தலைவர், இன்னும் நாலைந்து பெண்கள். வேன் போனதைக் கேள்விப்பட்டு ஹேவாஹெட்ட பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தார்கள். யாரும் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. பெரியவர் நேரே போய்க் கடலைத் தூக்கினார். மகள் கையோடு கொண்டு வந்த கொழுந்துச் சாக்கை விரித்தார். மற்றவர்கள் மீன், தையல் மெஷின், மரம் என்று ஆளுக்கு இரண்டு மூன்றாக எடுத்துச் சாக்கில் சுற்றத் தொடங்கினார்கள். அடுத்த கண்காட்சிக்குப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களிடம் சொல்லி அங்குள்ள மடுவத்தைக் கூட்டிக் கழுவி வைத்தாயிற்றாம், ஆணி அடித்தாயிற்றாம், திரும்பிப் போகிற பஸ் பத்து நிமிடத்தில் வந்துவிடுமாம். இதெல்லாம் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதிலிருந்து எங்களுக்குத் தெரிய வந்தது.

அக்கா பேனாவோடு எழுந்து நின்றார்.

"ஏங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

அறையில் எல்லாரும் படத்தோடு அப்படியே நின்றார்கள். தான் என்ன சொன்னோம் என்பது அக்காவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"கேட்டா நீங்க யோசிப்பீங்க மிஸ்" என்றார் மகள், சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "இந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க."

அக்கா பிடித்தார். பிடித்தவர் அப்படியே நடந்தார். செருப்பை மாட்டினாரா என்றுகூட நான் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக, படங்களைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வரிசையாகப் படி இறங்குவதும், நடுவில் அக்கா சிரிப்பு தாங்காமல் நின்று நின்று போவதும் தெரிந்தது. வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. வீட்டில் நானும் இரண்டு படங்களும்தான் மிச்சம். நீ வா என்று என்னை யாரும் கூப்பிடவில்லை, கதவைப் பூட்டு என்றும் சொல்லவில்லை. இரண்டு படங்களையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கதவைக் காலால் சாத்திவிட்டு, பஸ்ஸை நோக்கி ஓடினேன்.